சேர்ந்தாச்சு, அடுத்து என்ன? சென்னைப் பல்கலைக்கழகம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றியவை. இணைப்புக் கல்லூரிகளைப் பற்றி அல்ல. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி வளாகங்களில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் சேர்ந்தவர்களும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர்களும் எழுதியவை. நான் படித்த இடம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி: நான் எம்.ஏ. வரலாறு முதலாண்டு. ஊர்க் கல்லூரியில் எங்கள் வகுப்பில் அறுபது பேர், இங்கே பதினான்கு பேர்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வகுப்பு நடக்கிறது, மீதி நேரத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. விடுதி அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று அழுகையாக வருகிறது. (வாசகி, செய்யாறு அருகே)

தப்பான இடத்துக்கு வரவில்லை. உங்களுக்கு முன்னால் இதே பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி தவித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். வகுப்பறைச் சத்தத்துக்குப் பழகியவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை, சில வாரங்களிலேயே என் பழைய வேலையைக் கொடுத்துவிடுங்கள் என்று போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்ப ஆசிரியராகலாம் என்றார்கள். போனார், பார்த்தார், வந்தார், அப்புறம் கணக்கு வகுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. இந்திய நூலகத் துறையே அவர் பேரில்தான் நிற்கிறது. 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் 1931இல் வந்தவை, இன்றைக்கும் உலகம் முழுக்க நூலக அறிவியல் மாணவர்கள் முதலில் படிப்பது அவற்றைத்தான்.

வகுப்பு இல்லாத அந்த நேரம்தான் உங்கள் படிப்பின் பெரிய பகுதி. இதை யாரும் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்வதில்லை. கல்லூரியில் மணி அடிக்கும், பாடம் வரும், நாம் எழுதிக்கொள்வோம். இங்கே நாம்தான் எழுந்து போக வேண்டும். எங்கே போவது? முதலில் நூலகம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே போங்கள். வரலாறு அடுக்கு எது என்று கேட்டு, அங்கே நின்று, ஒரு மணி நேரம் புத்தகங்களை எடுத்து எடுத்து வையுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், எந்தப் பேராசிரியர் வகுப்பில் யார் பேரைச் சொன்னாலும் அந்தப் புத்தகத்தின் அட்டை உங்களுக்கு ஞாபகம் வரும்.

இரண்டாவது, அறிவிப்புப் பலகை. உங்கள் துறைப் பலகை மட்டும் போதாது, பொருளியல், மெய்யியல், மானுடவியல், சமூகவியல் என்று மற்றத் துறைப் பலகைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பெரிய கூட்டம் இருக்காது, அழைத்த பேச்சாளர் தன் துறையில் பெரிய ஆளாக இருப்பார், முன்வரிசையில் போய் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் அவருக்கும் சந்தோஷம்தான். அப்புறம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அது மூடிய கதவுக்குள் நடப்பதல்ல, ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் வந்து கேட்கும்படிதான் நடத்துகிறார்கள். எம்.ஏ. மாணவி கடைசி வரிசையில் உட்காரலாமா என்று துறையில் கேளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐந்தாறு வருஷம் ஒருவர் செய்த வேலையை ஒன்றரை மணி நேரத்தில் எப்படிச் சொல்கிறார், புறத்தேர்வாளர் எந்த இடத்தில் மடக்குகிறார், எதற்கு 'இது என் ஆய்வின் எல்லைக்குள் வராது' என்று பதில் வருகிறது, இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. ஒரு வருஷத்தில் ஐந்து வாய்மொழித் தேர்வு கேட்டுவிட்டால் ஆராய்ச்சி என்றால் என்ன என்பதில் உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

மூன்றாவது, நடந்து போகும் தூரத்திலும் ஒரு பஸ் தூரத்திலும் இருப்பவை. மெரினா வளாகத்தில் தமிழும் மற்ற மொழித் துறைகளும் இருக்கின்றன. சோழர் வரலாறு படிக்கும் ஒருவருக்குத் தமிழ்த் துறையில் ஒரு நண்பர் இல்லையென்றால் கல்வெட்டுப் பாடத்தில் பாதி புரியாது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. துறைத் தலைவரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய வருவாய்க் கோப்பில் உங்கள் தாலுகாவின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு படுக்கத் தோன்றாது.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் அறைக்கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம். இது எனக்கு முதல் வருஷம் முழுக்கத் தெரியாது, வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், பெரியவர்கள் கூப்பிடாமல் போகக்கூடாது என்று வளர்ந்தவள். 'மேடம், இதில் ஒரு சந்தேகம்' என்றால் போதும் என்பது இரண்டாம் வருஷம்தான் உறைத்தது. நீங்கள் அந்த ஒரு வருஷத்தை இழக்காதீர்கள்.

கேள்வி: மகனை கிண்டி வளாகத்தில் எம்.எஸ்ஸி. சேர்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், கட்டடமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. இங்கே பணமில்லை, ஆசிரியர் இடங்கள் காலி என்று பேப்பரில் வருகிறது. காசு மிச்சம் என்று பார்த்துப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா? (ஒரு தந்தை, அரக்கோணம்)

பேப்பரில் வருவது உண்மை. 2024இல் வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது, காலிப் பணியிடங்கள் பல வருஷப் பிரச்னை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். 1857இல் தொடங்கிய, தென்னிந்தியாவின் பல பல்கலைக்கழகங்களுக்குத் தாய்வீடான ஓரிடம் சம்பளத்துக்கே தடுமாறுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது அரசு, சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்.

ஆனால் உங்கள் மகன் கெட்டுப்போக மாட்டான். கிண்டி வளாகத்தின் கதை ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் முப்பது வயதில் இங்கே இயற்பியல் பேராசிரியராக வந்தார். பெரிய வசதி ஒன்றும் இல்லை, புதுத் துறை. பெர்னால் என்ற பிரிட்டன் விஞ்ஞானி இங்கே வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் என்பது தோலிலும் தசைநாரிலும் இருப்பது. தோலுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நாம் சுருக்கமாகச் சொல்லும் சி.எல்.ஆர்.ஐ. அங்கிருந்து மாதிரிகள் வாங்கி, எக்ஸ்ரே படம் எடுத்து, 1954இல் கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்ற அமைப்பை வெளியிட்டார்கள். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து அவர் போட்ட வரைபடம்தான் 'ராமச்சந்திரன் பிளாட்'. இன்று உலகத்தின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று பார்க்க இந்த வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள்.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீடுகள் இப்போதும் பக்கத்திலேயே இருக்கின்றன. சி.எல்.ஆர்.ஐ., அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், எல்லாம் சில கிலோமீட்டருக்குள். சொந்தத் துறையில் ஒரு கருவி வேலை செய்யவில்லையென்றால், ஆசிரியரிடம் கடிதம் வாங்கி அங்கே போய் மாதிரியை அளந்து வருவது ஆய்வு மாணவர்களுக்குப் பழக்கமான வேலை. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு உங்கள் மகன் முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு நல்ல ஆய்வகத்தில் வேலை. பழைய மாணவர்கள் யார் யார் போனார்கள், விண்ணப்பத்தில் என்ன எழுதினார்கள் என்று சீனியர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்குப் பெயின்ட் இல்லையே என்பதைவிட, ஆய்வகத்தில் மாலை ஆறு மணிக்கு யாராவது வேலை செய்துகொண்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள் ஐயா.

கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, பி.ஏ.வும் தமிழ் வழி. இங்கே எல்லாப் புத்தகமும் ஆங்கிலம். வகுப்பில் வாயே திறப்பதில்லை. (மாணவர், பெயர் வேண்டாம்)

ஆங்கிலம் பேசப் பழகிவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், படிப்பதும் பேசுவதும் வேறு வேறு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டுரையில் இரண்டு பக்கம் மட்டும் எடுத்து, அகராதி வைத்துப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் பத்து வரி எழுதுங்கள். தமிழில் எழுத முடிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது, முடியாவிட்டால் ஆங்கிலம் சரளமாகப் பேசும் பையனுக்கும் அது புரியாமல் இருக்கலாம். மூன்று மாதத்தில் உங்கள் பாடத்தின் சொற்கள் முந்நூறு நானூறுதான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்துவிடும். கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். நம் ஆசிரியர்களில் பாதிப்பேர் உங்களைப் போலவே வந்தவர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இப்போதே உஷார். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு மொழிப்பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. இது அநியாயம், தமிழிலும் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் தேர்வு எழுதப்போவது நீங்கள், அதனால் பழைய வினாத்தாள்களை முதலாண்டிலிருந்தே பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

கேள்வி: எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு ஆன்லைன் ஷாப்பிங் பற்றி நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வேறு நல்ல தலைப்பு இருந்தால் சொல்லுங்கள். (மாணவர், விழுப்புரம்)

தம்பி, அந்த ஆன்லைன் ஷாப்பிங்கை விட்டுவிடுங்கள், உங்கள் மாவட்டத்திலேயே தங்கம் இருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தார். இந்தியக் கிராமம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் 1916இல் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்தில் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். அப்படி எழுதப்பட்ட கிராமங்களில் ஒன்று உங்கள் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான், விருதுநகர்ப் பக்கம் வடமலைபுரம், கீழைத் தஞ்சையில் பாலக்குறிச்சி என்று இன்னும் சில.

அதோடு முடியவில்லை. 1930களில் இதே பல்கலைக்கழகத்தின் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1960களில் ஒருமுறை, 1980களில் ஒருமுறை, இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். ஒரே கிராமத்தை ஏறத்தாழ நூறு வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்த கணக்கு உலகத்தில் அபூர்வம். பெரிய நிலக்காரக் குடும்பங்களைச் சார்ந்து கூலிக்காரர்கள் வாழ்ந்த ஊர், அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, வெளிவேலைக்கு ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் அந்த ஆய்வுகளில் இருக்கிறது. இதைத் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? உங்கள் வயதுப் பிள்ளைகள், லீவுக்கு ஊருக்குப் போனபோது.

நீங்கள் முழுக் கிராமத்தையும் எடுக்க வேண்டாம், ஒரு தெரு போதும். முப்பது வீடு. தாத்தா என்ன வேலை, அப்பா என்ன வேலை, பிள்ளைகள் எங்கே, நூறு நாள் வேலைக்கு யார் போகிறார்கள், கடன் மகளிர் குழுவிலா, அடகுக் கடையிலா. பழைய ஆய்வுகளை முதலில் உட்கார்ந்து படியுங்கள், அடையாறில் இருக்கும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்திலும் கேளுங்கள். பிறகு உங்கள் கேள்விகளை எழுதுங்கள். உங்கள் சொந்த ஊராக இருந்தால் சாதிக் கணக்கு எடுக்கும்போது கவனம் தேவை. நீங்கள் எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்துத்தான் எதிரிலிருப்பவர் பதில் சொல்வார். அதையும் உங்கள் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதுங்கள், நல்ல வழிகாட்டி அதற்குத் தனியாக மதிப்பெண் போடுவார்.

கேள்வி: புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. எம்.ஏ.வுக்கும் வருமா? (மாணவி, மதுராந்தகம்)

வராது, முதல் பட்டம் முடியும் வரைக்கும்தான். ஆனால் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கல்வி உதவித்தொகைகள் முதுகலைக்கும் உண்டு. வருமானச் சான்றிதழைச் சேர்க்கை முடிந்த வாரமே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கடைசித் தேதிக்கு முந்தின நாள் இ-சேவை மையத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: முனைவர் பட்டம் மூன்றாம் ஆண்டு (எந்தப் பல்கலைக்கழகம் என்று போட வேண்டாம்). கைடு அவர் வீட்டு வேலைகளைச் செய்யச் சொல்கிறார், பேங்க்குக்கு அனுப்புகிறார். முடியாது என்று சொன்ன மாதத்திலிருந்து உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுக்கிறார். விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். (ஆய்வு மாணவி)

விட வேண்டாம் அம்மா. அவசரப்பட்டு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், இன்றைக்கே. கையெழுத்துக்காகப் படிவம் கொடுத்தால் கூடவே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள், 'இன்று படிவம் சமர்ப்பித்திருக்கிறேன்' என்று மரியாதையாக, ஒரே வரியில். உங்களுக்கென்று ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் முன்னால் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். பலரும் இதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் பிடிமானம், அந்தக் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு உங்கள் வேலை தெரிந்திருக்கட்டும். அதே விதிமுறையில் பெண்களுக்குப் படிப்பு முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. எப்போதாவது தேவைப்படலாம்.

வழிகாட்டியை மாற்றக் கேட்பது குற்றம் இல்லை. முதலில் துறைத் தலைவர், பிறகு ஆராய்ச்சிப் பிரிவு, எழுத்தில். இந்த வேலைகளுக்கு மேலே வேறு ஏதாவது நடக்கிறது என்றால், பேச்சோ பார்வையோ தொடுவதோ, தயங்காமல் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா நிறுவனத்திலும் அது இருந்தாக வேண்டும். தனியாகப் போகாதீர்கள், நம்பிக்கையான ஒரு சக ஆய்வாளரை அழைத்துக்கொண்டு போங்கள். எனக்குத் திரும்ப எழுதுங்கள், பத்திரிகையில் போட மாட்டேன்.

கேள்வி: எனக்கு 42 வயது. கல்யாணத்தால் எம்.ஏ. தமிழோடு படிப்பு நின்றுவிட்டது. பழைய பெண்கள் பத்திரிகைகள் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. இந்த வயதில் நெட் எழுத விடுவார்களா? (இல்லத்தரசி, தாம்பரம்)

விடுவார்கள். வயது வரம்பு ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கு மட்டும்தான். உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதிக்கும் நெட் எழுத வயது வரம்பே கிடையாது. எம்.ஏ.வில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50 சதவீதம் இருந்தால் போதும். ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. உங்களுக்குத் தமிழ்ப் பாடம், அந்தத் தாளில் கேள்வி தமிழிலேயே இருக்கும், எல்லோருக்குமான பொதுத் தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அதன் அடித்தளம், நீங்கள் தேடும் பழைய இதழ்கள் பலவும் அங்கே கிடைக்கும். பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இப்போது இணையத்தில் இலவசம், பழைய சொல் வந்தால் அதைப் பாருங்கள். போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள், பழைய தாள்களுக்குப் பக்கத்தில் பேனா வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு பத்திரிகையின் ஒரு வருஷத்து இதழ்களை மட்டும் கேளுங்கள். என்ன கிடைத்தது என்று அடுத்த மாதம் எழுதுங்கள்.